வாய் நிறைந்த வித்வான்கள்

சத்தியம், சத்தியம், மூன்றாம் தடவையும் சத்தியம்: இதில் ஒரு சொல் பொய் என்றால் நான் அடுத்துப் போடுகிற வெற்றிலைக்குள் பல்லி எச்சம் இருக்கட்டும், அதை நான் தெரியாமல் மென்று, தெரிந்த பிறகு விழுங்கட்டும். சந்தேகம் இருந்தால் நடுவாய்க்காலுக்கே போய் விசாரித்துக்கொள்ளுங்கள், இதையேதான் சொல்வார்கள். அவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்கள், நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நடுவாய்க்காலில் சட்டநாதன் என்று ஒருவன் இருந்தான், கறுப்புத் தாளில் வெள்ளைக் கரியால் முகம் வரைகிறவன். கரியில் வெள்ளை ஏது என்று கேட்கக் கூடாது, கடையில் அதற்கு அதுதான் பேர். வெள்ளைத் தாளில் வரைகிறவன் நிழலை வரைவான். சட்டநாதனோ நிழலைத் தொடவே மாட்டான், அதுதான் ஏற்கெனவே தாள் முழுக்க இருக்கிறதே. வெளிச்சம் விழுந்த இடத்தை மட்டும், நெற்றி மேட்டை, மூக்குத் தண்டை, கீழுதட்டின் ஈரத்தை, காதுக் கடுக்கனில் ஒரு பொட்டை, லேசாகத் தட்டி எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வான், மிச்ச முகம் இருட்டுக்குள்ளிருந்து தானாக நடந்து வந்து சேர்ந்துகொள்ளும். கோடு பிசகினால் ரொட்டியின் நடுச்சதையைப் பிய்த்து உருட்டி ஒற்றி எடுப்பான், வெளிச்சம் ரொட்டியோடு வந்துவிடும்.

ஊர்ச் சங்கீத சபா அவனைக் கூப்பிட்டு, காலமான வித்வான்களையெல்லாம் வரைந்து மண்டபத்துச் சுவரில் வரிசையாக மாட்டச் சொன்னது. நாகஸ்வரக்காரர், தவில்காரர், பிடில்காரர் என்று வரைந்துகொண்டே வந்து, நடுநாயகமாக, போன தை மாசம்தான் கண்ணை மூடிய பாட்டு வித்வான் தாண்டவராயரையும் வரைந்து மாட்டினான். அத்தனை பேருக்கும் ஒரு கன்னம் எலுமிச்சம்பழம் அடக்கியது போல உப்பியிருந்தது. அது அவன் கற்பனை இல்லை, அந்தச் சீமையில் வித்வான் என்றாலே ஒரு கன்னம் அப்படித்தான்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. இன்னொருவன் கச்சேரிக்கு முன்வரிசையில் உட்கார்த்தி வைத்தார்கள் என்றால், அவன் ஸ்ருதி சேர்ப்பதற்குள் இவர்கள் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துவிடுவார்கள். கச்சேரி முடிந்து சபாக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து, “எப்படிங்க இருந்துச்சு நம்ம பையன் பாட்டு?” என்று கேட்கும்போது வாய் தளும்பத் தளும்ப இருக்கும். முகவாயை மேலே தூக்கி, “ம்ம்ம்” என்று ஒரு ஓசை, கையால் ஒரு வீச்சு, தீர்ந்தது. நன்றாக இருந்தது என்று சொன்னால் பாவம், நன்றாக இல்லை என்று சொன்னால் அடுத்த வருஷம் மேடை போய்விடும், வாய் நிறைய இருந்தால் இரண்டும் இல்லை. அந்தக் குதப்பலுக்குள் எத்தனை தீர்ப்புகள் ஊறி, சிவந்து, செத்துப் போயிருக்கும் என்று யார் கணக்கு வைத்தது!

சட்டநாதன் கன்னத்தை உள்ளபடியே வரைந்தான். ஆனால் கழுத்தோடு நிறுத்திக்கொண்டு கையை வரையாமல் விட்டான். அந்தத் தப்புக்குப் பின்னால் வருவோம்.

அதற்கு முன்னால் அவன் தங்கை தையல்நாயகியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதையே அவள் கழுத்தில்தான் தொங்குகிறது. அவள் தாண்டவராயருக்குப் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டியவள். மேடையில் எல்லாருக்கும் பின்னால், மைக்குக்கு எட்டாமல், போட்டோவில் பாதிக் காது மட்டும் விழுகிற இடம் அது. அங்கேயே இருந்து இருந்து, அவர் பாடியது அத்தனையும் அவளுக்குள் இறங்கி, அவர் பாடாமல் விட்டதும் சேர்ந்து முளைத்திருந்தது. கடைசி வருஷ விழாவில், மேடைக்குப் பின்னறையில், தாண்டவராயர் வாயைக் கொப்பளித்துவிட்டு, சபா பிரசிடெண்ட் மார்க்கசகாயத்திடம் சொன்னார்: “அடுத்த வருஷம் முதல் நாள் தையலு பாடட்டும். எனக்கப்புறம் அவதான்.” தம்புராவுக்கு உறை போட்டுக்கொண்டிருந்த தையல்நாயகி கேட்டாள், அதைத் தூக்க வந்த சட்டநாதன் கேட்டான், சிமெண்ட் ஏஜென்ட் மார்க்கசகாயம் தலையை ஆட்டினார்.

தாண்டவராயர் போய்ச் சேர்ந்ததும் அந்தத் தலை வேறு பக்கம் ஆடியது. முதல் நாள் கச்சேரி தன் மாப்பிள்ளை ஸ்ரீகாந்தனுக்கு என்று நோட்டீஸ் அடித்துவிட்டார். அண்ணனும் தங்கையும் போய் நின்றபோது, விசிறியால் முதுகைச் சொறிந்துகொண்டே, “பெரியவர் சொன்னாரா? யார்கிட்ட? எனக்கு ஞாபகம் இல்லையேம்மா. அவர் வாயால ஒரு தடவை சொல்லட்டும், இந்த நிமிஷம் மேடையை விட்டுக் குடுத்துடறேன்,” என்றார். செத்தவர் எங்கே வந்து சொல்லப் போகிறார் என்ற தைரியம்.

அந்த வாரமே சுவர் துப்ப ஆரம்பித்தது.

வாய் நிறைய வைத்திருப்பவன் என்றைக்காவது துப்பித்தானே ஆக வேண்டும், இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. முதலில் பெருக்குகிற அஞ்சம்மாதான் பார்த்தாள், படங்களுக்குக் கீழே சுண்ணாம்புச் சுவரில் செக்கச்செவேல் என்று வழிசல். கேண்டீன்காரனைத் திட்டினார்கள், பந்தல்காரனைத் திட்டினார்கள், ‘இங்கே துப்பாதீர்’ என்று பலகை எழுதி மாட்டினார்கள், மறுநாள் அந்தப் பலகையின் மேலேயே வழிந்திருந்தது. அப்புறம் ஒரு மத்தியானம் மாப்பிள்ளை ஸ்ரீகாந்தன் மண்டபத்தில் உட்கார்ந்து சாதகம் செய்தான், மூக்காலேயே ஆரம்பித்து மூக்காலேயே மேலே ஏறினான். அவன் மேல் ஸ்தாயியில் போய் நின்று கம்மியபோது, எல்லார் கண் முன்னாலும் தாண்டவராயர் படம் முகத்தைச் சுளித்து, உதட்டைக் குவித்து, பளிச்சென்று துப்பியது. பக்கத்தில் தவில்காரர் துப்பினார். பிடில்காரர் துப்பினார். உயிரோடு இருந்தவரை உதட்டில் இரண்டு விரலை வைத்து, தாரை பிசகாமல் நேர்கோடாகத் துப்பத் தெரிந்த மகான்கள்தான் அவர்கள். ஆனால் கை வரையப்படாததால் விரல் வைக்க வழியில்லாமல் எச்சில் விசிறி மாதிரி அடித்தது, ஸ்ரீகாந்தனின் ஜரிகை அங்கவஸ்திரத்தில் பொட்டுப் பொட்டாக விழுந்தது.

“யோவ் சட்டநாதா, கையையும் வரைஞ்சு தொலைச்சிருக்கக் கூடாதா?” என்றார் சபாக் காரியதரிசி. இதுதான் அந்த ஊர் கேட்ட முதல் கேள்வி.

“கழுத்தளவுன்னுதானே சொன்னீங்க?”

“சொன்னோம்தான். துப்புவாங்கன்னு தெரியுமா எங்களுக்கு?”

அதற்குப் பிறகு ஊர் எப்படி நடந்துகொண்டது என்பதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. முதலில் எச்சிலை ஏந்தப் பித்தளைப் படிக்கங்கள் வந்தன, ஒவ்வொரு வித்வானுக்கும் கீழே ஒன்று, உபயதாரர் பேர் வெட்டியது. யார் பேர் தாண்டவராயருக்குக் கீழே இருப்பது என்று நகைக்கடைக்காரருக்கும் உரக்கடைக்காரருக்கும் பேச்சு வார்த்தை நின்றது. பாட்டு வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள். படிக்கத்தில் விரலை விட்டு, பிள்ளையின் தொண்டைக்குழியில் தடவினார்கள். தடவினால் போதுமா என்று ஒருத்தி நாக்கில் வைத்தாள். அவள் பிள்ளை அன்றைக்கு ஸ்ருதியோடு அழுதது என்று பேச்சுக் கிளம்பியதும் ஊரே டம்ளரோடு வரிசையில் நின்றது. கெட்டியாக, கருஞ்சிவப்பாக, மேலே ஆடை படர்ந்து, புகையிலை வாடையும் ஊசிப்போன பாக்கு வாடையுமாக, ஈ மொய்க்க மொய்க்க அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தார்கள் ஐயா, குடித்தார்கள்! குடித்துவிட்டு நாக்கால் உதட்டைத் துழாவி, “தாண்டவராயரோடது கொஞ்சம் தித்திப்பு, தவில்காரரோடது காரம்,” என்று ருசி பேதம் வேறு பேசினார்கள். காரியதரிசி அதற்கு ‘வித்வத் தீர்த்தம்’ என்று பேர் வைத்துச் சின்னப் புட்டிகளில் அடைத்தார். வெளியூரிலிருந்து வேன் வந்தது. கேண்டீன்காரன் தீர்த்தத்தில் மாவு பிசைந்து சிவப்பு வடை போட்டான், அது முதலில் தீர்ந்தது. மாப்பிள்ளை ஸ்ரீகாந்தன் காலையும் மாலையும் அதில் தொண்டை கொப்பளித்தான், அப்புறம் பாடினான், கேட்ட படங்கள் இன்னும் அதிகமாகத் துப்பின, அதை அவன் ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டான்.

சட்டநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. தங்கை ரசம் ஊற்றினால் நிறத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவான்.

ஒருவருக்கு மட்டும் தூக்கம் போயிற்று, அது பிரசிடெண்ட் மார்க்கசகாயம். அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார்: துப்பத் துப்ப வாய் காலியாகும், வாய் காலியானால் மனுஷன் பேசுவான். சட்டநாதனை வீட்டுக்குக் கூப்பிட்டு, காப்பி கொடுத்து, குரலைத் தணித்து,

“ஏம்ப்பா, தாண்டவராயர் கன்னம் முன்னைக்கு இப்ப கொஞ்சம் வாடினாப்ல இல்ல?” என்றார்.

“துப்பறாரில்லீங்களா. குறையத்தான் செய்யும்.”

“அதான் சொல்றேன். தினம் காலையில வந்து, அந்த வெள்ளைக் கரியால கன்னத்தை நிரப்பி விட்டுடு. எல்லாருக்கும். செத்தவங்க வாயில போட்டு விடறது புண்ணியம்தானே? ஊருக்கும் தீர்த்தம் வேணும். நீ மாட்டேன்னா போர்டு எழுதறவன் ஒருத்தன் இருக்கான், அவனை விட்டுப் பூசிடுவேன். முகம் என்ன ஆகும்னு நீயே யோசிச்சுக்க.”

சட்டநாதன் வீட்டுக்கு வந்து கரிக்கட்டியைச் சுவரில் எறிந்தான். “எச்சில் ஊத்து ஊற வைக்க என்னைக் கூப்பிடறான், தையலு. நான் போக மாட்டேன்.”

தையல்நாயகி அந்தத் துண்டுகளைப் பொறுக்கினாள். “போண்ணே. நீ போனாத்தான் அந்தக் கன்னம் உன் கையில இருக்கும். நிரப்பத் தெரிஞ்சவனுக்கு எடுக்கவும் தெரியுமில்ல? விழா அன்னிக்கு, ஊரே உக்காந்திருக்கறப்ப எடு. அவர் வாயால சொல்லட்டும். அந்தாளு கேட்டது அதைத்தானே?”

ஆகவே சட்டநாதன் தினம் ஸ்டூல் மேல் ஏறி, மூச்சை அடக்கிக்கொண்டு, வித்வான்களுக்குத் தாம்பூலம் தரித்தான். கன்னத்தின் மேட்டில் ஒரு தேய்ப்பு, விளிம்பில் ஒரு வளைவு, அவ்வளவுதான். வெற்றிலையும் பாக்கும் இருட்டிலிருந்து வந்து சேரும், வெள்ளைக் கரி சுண்ணாம்பாக இறங்கிச் சிவக்க வைக்கும். படங்கள் நன்றியோடு மெல்லும். அந்த மெல்லுகிற சத்தம், சதக் சதக் என்று, அவன் காதுக்குள்ளேயே இருந்தது. படுத்தால் தலையணையும் மென்றது. ஆனாலும் தாண்டவராயரின் கண்ணில் வெளிச்சத்தைத் தொட்டு வைக்கும்போது மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொள்வான், இன்னும் கொஞ்ச நாள்தான் ஐயா, அப்புறம் நீங்க பேசலாம்.

விழா வந்தது. மண்டபம் பிதுங்கியது. மடிக்கு மடி டம்ளர், சொம்பு, தூக்குவாளி. பாட்டுக் கேட்க வந்த கூட்டமா, கஞ்சித் தொட்டிக்கு வந்த கூட்டமா என்று தெரியவில்லை. மேடையில் பட்டு மெத்தை போட்டிருந்தது, பிடில்காரரும் மிருதங்கக்காரரும் உட்கார்ந்துவிட்டார்கள், பின்னால் வழக்கமான மூலையில் தம்புராவோடு தையல்நாயகி. அந்த இடத்தை மட்டும் யாரும் அவளிடமிருந்து பிடுங்கவில்லை. ஸ்ரீகாந்தன் பக்கவாட்டில் நின்று தீர்த்தத்தைக் கொப்பளித்துக்கொண்டிருந்தான். பிரசிடெண்ட் மைக்கைப் பிடித்து, “தாண்டவராயர் இருந்திருந்தால் என் மாப்பிள்ளையைத்தான்...” என்று ஆரம்பித்தார்.

சட்டநாதன் ஸ்டூலில் ஏறினான். தாம்பூலம் போடப் போகிறான் என்று கூட்டம் கும்பிட்டது. அவன் இடுப்பிலிருந்து ரொட்டிச் சதையை எடுத்து உருட்டி, தாண்டவராயரின் கன்னத்தில் வைத்து ஒற்றினான், ஒற்றி ஒற்றி எடுத்தான். மேடு கரைந்து, கன்னம் ஒட்டி, பல் எடுத்த கிழவன் முகம் போல உள்ளே விழுந்தது. ரொட்டி அவன் கையில் சிவந்து கனத்தது. பிரசிடெண்டின் பேச்சு நின்றது. தாண்டவராயர் நாக்கால் ஈறைத் துழாவினார், தாடையை இடமும் வலமும் அசைத்தார், பெருமூச்சு ஒன்று விட்டார், முன்வரிசை முழுக்கப் புகையிலை வாடை அடித்தது.

“ஐயா,” என்றான் சட்டநாதன். “போன வருஷம் பின்னறையில ஒரு வார்த்தை சொன்னீங்களே, அடுத்த தடவை முதல் நாள் யார் பாடணும்னு. அதை எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. பேரை மட்டும் சொல்லுங்க போதும்.”

மண்டபத்தில் ஈ பறப்பது கேட்டது, ஈயும் ஏராளமாக இருந்தது. தாண்டவராயர் பிரசிடெண்டைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். தையல்நாயகியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், அந்தக் கண்ணில் அவளை அடையாளம் தெரிந்தது. சட்டநாதன் வைத்த வெளிச்சம்தானே, அவனுக்குத் தெரியாதா. அப்புறம் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, கரகரத்த குரலில்,

“சட்டநாதா... கொஞ்சம் சீவல் தூக்கலா ஒரு வாய் போட்டு விடேன்,” என்றார்.

“ஐயா, பேரு!”

“பேரெல்லாம் எதுக்குப்பா இப்ப. எல்லாரும் நம்ம பிள்ளைங்கதான். எல்லாரும் நல்லாத்தான் பாடறாங்க.”

“ஆஹா!” என்றது கூட்டம். “என்ன மனசு, என்ன பெருந்தன்மை!” கை தட்டல் கூரையைப் பிய்த்தது, பிரசிடெண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இத்தனை நாள் ஊர் குடித்ததைப் பார்த்தபோது வராத அருவருப்பு சட்டநாதனுக்கு அப்போது வந்தது. மிச்ச ரொட்டியை எடுத்தான், அந்த நெற்றியையும் கண்ணையும் சேர்த்துத் துடைத்து, தாளை மறுபடி வெறும் கறுப்பாக்கிவிடக் கையை ஓங்கினான்.

“விடுண்ணே,” என்றாள் தையல்நாயகி மேடையிலிருந்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில். “பின்னறையில சொல்றதுக்கு மட்டும்தான் அவருக்கு வாய். கேக்கறாரு பாவம், போட்டு விடு.”

அவன் போட்டு விட்டான். சீவல் தூக்கலாகவே விழுந்தது. தாண்டவராயர் கண்ணை மூடிக்கொண்டு மெல்ல ஆரம்பித்தார்.

அப்போது தையல்நாயகி தம்புராவைத் தரையோடு இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பட்டு மெத்தையைக் காலால் ஒதுக்கிவிட்டு, வெறும் பலகையில், மைக்குக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள், யாரையும் கேட்கவில்லை, யாருக்கும் வணக்கம் வைக்கவில்லை, தோடி ராகத்தை எடுத்தாள். “யாரும்மா அது, இறங்கு இறங்கு,” என்று ஓடிவந்த காரியதரிசி பாதி மேடையில் எதற்காக வந்தோம் என்பதை மறந்து நின்றார். மேடைப் பிடில்காரர் வேண்டாம் வேண்டாம் என்று பிரசிடெண்டைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே இருந்தார், அவர் வில் தன் பாட்டுக்கு அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. அவள் பாடினாள், இத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னால் இருந்து கேட்டதையெல்லாம் முகத்துக்கு நேராகப் பாடினாள், கீழே போய் நின்று அங்கேயே நெடுநேரம் இருந்துவிட்டு, மேலே ஏறும்போது ஊரில் பாதிப் பேரைக் கையோடு தூக்கிக்கொண்டு ஏறினாள். சுவரில் மெல்லுகிற சத்தம் முதலில் தவில்காரரிடம் நின்றது, பிறகு பிடில்காரரிடம், பிறகு நாகஸ்வரக்காரரிடம், கடைசியில் தாண்டவராயரிடம். வாய் நிறைய இருப்பதே மறந்து போய், அத்தனை மகான்களும் ‘மடக்’கென்று விழுங்கினார்கள். சிவப்பு கழுத்து வழியாக இறங்குவது வெள்ளைக் கோட்டுக்குள்ளே தெரிந்தது, வரையாத இடம் வந்ததும் இருட்டோடு போய்விட்டது.

அவள் முடித்து எழுந்தபோது படிக்கங்களில் ஒரு சொட்டு இல்லை.

முதலில் வாய் திறந்தது ஒரு தூக்குவாளிக்காரி. “தீர்த்தம் எங்கேடி?” என்றாள்.

அவ்வளவுதான். கச்சேரியைப் பற்றி ஒரு வாய் பேசவில்லை. தொண்டையைக் காய வைத்துவிட்டாள், புண்ணியத்தை உறிஞ்சிவிட்டாள், ராசி கெட்டவள் என்று ஊர் எழுந்து நின்று கத்தியது, காலி டம்ளரைத் தட்டியது. மறுநாள் மாப்பிள்ளை ஸ்ரீகாந்தன் பாடினான். அவன் மூக்கைத் திறந்த மாத்திரத்தில் சுவர் முழுக்கப் பொங்கி, படிக்கம் நிரம்பி, தரையில் ஓடியது, பிள்ளைகள் வழுக்கி விழுந்தன, பெரியவர்கள் வழித்துக்கொண்டார்கள். ஊருக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. அன்றிலிருந்து நடுவாய்க்கால் விழாவுக்கு அபஸ்வரக்காரனாகத் தேடிப் பிடித்துத்தான் மேடை தருகிறார்கள். ஸ்ருதி சுத்தமாகப் பாடுகிறவன் யாராவது தெரியாத்தனமாக வந்துவிட்டால் வாசலிலேயே பாடிக் காட்டச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வித்வான்களுக்குத் தினம் வாய் நிரப்புவது அந்தப் போர்டு எழுதுகிறவன்தான்; அவன் கையில் முகங்களெல்லாம் பொன்னுக்கு வீங்கி வந்தவை போல இரண்டு பக்கமும் உப்பி, எது தாண்டவராயர், எது தவில்காரர் என்றே தெரிவதில்லை. குடிக்கிறவர்களுக்கு அது ஒன்றும் குறையாகத் தெரியவில்லை.

அண்ணனும் தங்கையும் அந்த வாரமே தம்புராவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். ஜன்னலோர சீட்டில் சட்டநாதன் இன்னும் கையை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான், எத்தனை சோப்புப் போட்டாலும் ரொட்டியின் வாடை போகவில்லை. “ஒரே ஒரு நாளு, தையலு. அதுக்கும் ஒருத்தன் நல்லாருக்குன்னு சொல்லல,” என்றான்.

“யாருண்ணே சொல்லணும், அந்த டம்ளருங்களா?” என்றாள் அவள். “சுவர்ல இருந்த அவ்வளவு பேரும் துப்ப மறந்தாங்கல்ல. எனக்கு அது போதும். நீ கையை உள்ள வை, லாரி வருது.”

எந்த ஊரில் இறங்கினார்கள் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அங்கேயும் யாராவது டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நீங்களும் இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். நடுவாய்க்கால் பஸ் ஸ்டாண்டில் எனக்கு இன்னும் காப்பி குடிக்கிற வேலை இருக்கிறது, அந்தக் கடைக்காரன் ஏற்கெனவே என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறான், உள்ளே திரும்பி நின்றுகொண்டுதான் ஆற்றுகிறான், அதில் என்ன சேர்க்கிறான் என்று யார் கண்டது.